இரண்டு மூட்டை மணல்

மே 3

அக்காவுக்கு,

போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், இனி எழுது, எழுதினால்தான் ஒருத்தர் முடிக்கும்வரை இன்னொருத்தர் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கும் வசதிதான்.

ஜீப் தயார். இதைத்தான் போனில் சொல்ல வந்தேன். சொல்வதற்குள் சண்டை வந்துவிட்டது.

நான் பகலெல்லாம் அடுத்தவருக்குப் பல் கட்டுகிறவன். வாய்க்குள் முடியளவு இடைவெளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கை இது. இந்தக் கை ஸ்பேனர் பிடித்தால் சும்மா இருக்குமா? வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு மேல் ஏற்றி வைத்து, லீவு நாளெல்லாம் நானே செய்தேன். பட்டறைக்காரர் யாரையும் தொட விடவில்லை. பின் ஸ்பிரிங்கில் அடுக்கடுக்காக இருக்கிற இரும்புப் பட்டைகளோடு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கனத்த பட்டை சேர்த்தேன். பட்டையைச் சட்டத்தோடு இணைக்கிற ஷாக்கிளை நீளமாகப் போட்டேன். ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுசு, அமுக்கினால் அமுங்காது. டயரும் பெரிசு. வண்டி ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. உயர்ந்ததில் பிரேக் குழாய் எட்டாமல் விறைத்துக்கொண்டது. அதையும் நீளமாக மாற்றியாயிற்று.

போன வாரம் குவாரிப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பதிலாகப் பின்னால் இரண்டு மூட்டை மணல், மூட்டைக்கு நாற்பது கிலோ. பானை அளவு கல்லெல்லாம் வண்டிக்கு அடியில் போன இடம் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் ஒரு உதறல் இல்லை.

டாக்டரை மறுபடி பார்த்தேன். முதுகில் விரிசல் விட்ட எலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் அப்பா உட்காரலாம், கொஞ்சம் நடக்கவும் நடக்கலாம் என்கிறார். தள்ளிப்போட்டால் கால் இரண்டும் மரத்துவிடும் என்கிறார். மழை தொடங்கினால் உங்கள் மலைப்பாதை மூடிவிடும். திறக்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். அதனால் மழைக்கு முன்னால் அவரைக் கீழே கொண்டுவந்தாக வேண்டும்.

போன வருஷம் ஸ்கேன் எடுக்கக் கூட்டி வந்தபோது வாடகை வேன் குலுக்கியதில் அவர் பட்ட பாடு எனக்கும் தெரியும். அது வேன். இது நான் என் கையால் செய்த வண்டி. நாள் சொல், வருகிறேன்.

தம்பி

மே 9

மெக்கானிக் அவர்களுக்கு,

பால் வண்டிக்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "உங்க தம்பி வண்டியைப் பாத்தேங்க. ஏறுறதுக்கே ஏணி வேணும்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜீப் பற்றிய பகுதியை மட்டும். கால் மரத்துவிடும் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பட்டை வச்சிருக்கானாம்?"

"இருந்தது பத்தாதுன்னு இன்னும் ஒண்ணு சேத்திருக்கானாம்."

"நான் ஓட்டுன ரோலருக்குப் பட்டையே கெடையாது. எனக்கு எதுக்கு இத்தனை?"

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் குலுங்காமல் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க அந்த ரோடு ரோலர் மேல் உட்கார்ந்து குலுங்கியவர். அவர் முதுகு எதனால் போனது என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் எதற்கு?

தம்பி, போன வருஷம் வேனில் அவர் கூட இருந்தவள் நான். திரும்பி வரும்போது தண்ணீர்த்தொட்டி வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அப்போது அவர் போட்ட சத்தத்தை நீ கேட்கவில்லை. நீ ஊரில் இருந்துகொண்டு "பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா" என்று போன் செய்தாய். இப்போதும் வீட்டு முன்னால் லாரி போனால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். லாரி ரோட்டில்தான் போகிறது, அவர் கட்டிலில்தான் கிடக்கிறார். இருந்தாலும் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பாதையில் இன்னொரு தடவை எப்படி அவரை ஏற்றுவேன்?

ஸ்டீயரிங்கில் உதறல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஸ்டீயரிங்கை யார் கேட்டார்கள்? அப்பாவா ஓட்டப்போகிறார்? பின்னால் என்ன நடந்தது என்று எழுது. மணல் மூட்டை வாயைத் திறந்து ஏதாவது சொன்னதா? ஒரு சாண் உயர்த்தினாயே, படுத்தபடி இருக்கிறவரை அவ்வளவு உயரத்துக்கு யார் தூக்குவது, எப்படித் தூக்குவது?

நீ எப்போதுமே இப்படித்தான். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் நன்றாகப் போகிறது என்பாய். ஒருநாள் பின்னால் படுத்துப் பார். மெத்தை போடாமல்.

அக்கா

மே 12

அக்கா,

கடிதம் கிடைத்தது. வயிறு நிறைந்தது.

நீ தனியாகத்தான் எல்லாம் பார்க்கிறாய், தெரியாமல் இல்லை. கிடங்கு வேலையும் பார்த்துக்கொண்டு அவரையும் புரட்டிப் படுக்க வைக்கிறாய், துடைக்கிறாய், ஊட்டுகிறாய். ஆனால் வேன் விஷயத்துக்குப் பிறகு "நீ இந்தப் பக்கமே வராதே" என்று சொன்னது யார்? வரவும் கூடாது, செய்யவும் கூடாது, செய்தால் அதிலும் குற்றம். பிறகு நான் எதற்குத்தான் இருக்கிறேன்?

மே 17

மேலே உள்ளதை அன்றைக்கு அனுப்பவில்லை. கிழிக்கவும் மனசு வரவில்லை. அதையும் படித்துக்கொள்.

நேற்று பின்னால் படுத்துப் பார்த்தேன். வெறும் தகரத்தில், மல்லாக்க. என் வீட்டுக்காரி ஓட்டினாள். குவாரிப் பாதையில் முதல் கல்லில் ஏறியதுமே என் முதுகு தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. விழும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மெதுவாப் போ" என்று கத்தினேன். "மெதுவாத்தான் போறேன். முன்னாடி ஒரு குலுக்கலும் தெரியலையே" என்றாள். நிறுத்திவிட்டு வந்து வாயில் ரத்தத்தைப் பார்த்தாள். "பல்லு போனாலும் பரவால்ல. நீங்களே கட்டிக்கலாம்" என்றாள். உன் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள்.

நீ சொன்னது சரி. லீவு நாளில் விளையாட்டாகப் பாறையில் வண்டி ஏற்றுகிற நாங்கள் எல்லோரும் ஓட்டுகிற சீட்டில் இருந்துகொண்டுதான் வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். பின்னால் ஏறுவது கயிறு, ஜாக்கி, தண்ணீர் கேன். அவை எதுவும் எங்களிடம் புகார் சொல்வதில்லை.

சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டேன். பழைய ஷாக்கிளையே மாட்டி உயரத்தைக் குறைத்துவிட்டேன். மறுபடி படுத்துப் பார்த்தேன். தேவலை. ஆனால் தேவலை என்பது அப்பாவுக்குப் போதாது. ஒன்று தெரிந்தாக வேண்டும். பின்னால் ஏறுகிற எடைக்குத் தகுந்த மாதிரி பட்டை இருந்தால்தான் அது வளைந்து கொடுக்கும். எடை குறைவு, பட்டை அதிகம் என்றால் வளையவே வளையாது, மரக்கட்டை மேல் படுத்த மாதிரிதான். அப்பா நம் எல்லோரிலும் பெரிய ஆள், எண்பது கிலோ என்று வைத்துத்தான் இரண்டு மூட்டை போட்டேன். இப்போது சரியாக எவ்வளவு இருப்பார்? காய்கறிக் கிடங்கில் உனக்கு எடை மேடையே இருக்கிறது. ஒரு தடவை பார்த்து எழுது.

தம்பி

மே 25

தம்பிக்கு,

நாக்கு ஆறிவிட்டதா? சூடாக எதுவும் குடிக்காதே.

எடையை உடனே எழுதியிருக்கலாம். இதோ, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். கோஸ் லோடு வருகிற காலம், மேடை ஒழியவில்லை என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மேடை மத்தியானமெல்லாம் காலியாகத்தான் கிடந்தது.

நேற்று சுமை தூக்குகிற அண்ணன்மார் இருவர் அப்பாவைப் பலகையோடு தூக்கி வந்தார்கள். வீட்டில் இருந்து கிடங்குவரை அவ்வளவு தூரமும் ஒரு குலுக்கல் இல்லாமல், முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி நடந்தார்கள். மேடையில் வைத்ததும் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, "என்னைத் தரம் பிரிச்சாச்சா? ரெண்டாம் தரம்னு போட்டுறாத" என்றார். எல்லோரும் சிரித்தோம். முள் நின்றது. பிறகு அவரைக் கட்டிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பலகையைத் தனியாக எடை போட்டுக் கழித்தேன். தப்பாகக் கழித்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். தப்பில்லை.

நீ போட்டிருக்கிற இரண்டு மூட்டையில் ஒன்றை இறக்கி வைத்துவிடு. மிச்சம் இருக்கிற மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்து இரண்டு கை மணலை அள்ளிக் கொட்டிவிடு. அதுதான் அப்பா.

உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொன்னால் "நீ என்ன பார்த்துக்கொள்கிறாய்" என்று கேட்பாயோ என்று பயம். கேட்டிருக்க மாட்டாய், தெரியும். இருந்தாலும் பயம். வலி வந்தால் சாப்பாடு இறங்குவதில்லை. வலிக்கு மாத்திரை போட்டால் தூங்கிவிடுகிறார். எழுந்தால் பசி இல்லை என்கிறார்.

வராதே என்று சொன்னவள் நான்தான். ஆனால் வராதே என்றால் வராமலே இருந்துவிடுவதா? அதற்காகவா அதைச் சொன்னேன்? வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் சொன்னதை அப்பாவிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன். விட்டுவிட்டு வாசித்ததையும் சொன்னேன். "அவன் வண்டி வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு அங்கே கொண்டுபோகவும் பயம், இங்கே வைத்துக்கொள்ளவும் பயம். போனால் திரும்பி வருவாரா என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அக்கா

மே 30

அக்கா,

மூட்டையை இறக்கினேன். மற்றதை அவிழ்த்து இரண்டு கை அள்ளிக் கொட்டினேன். கட்டி, மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஒரே தூக்கில் வந்துவிட்டது. அந்த மனுஷன் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ரோலர் மேல் ஏறியிருக்கிறார். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன்னை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் இல்லை. வராதே என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. விடு. வேலையைச் சொல்கிறேன்.

அந்த ஒரு மூட்டையைப் பின்னால் வைத்துவிட்டுப் பார்த்தால் ஸ்பிரிங் அசையவே இல்லை. யாரும் ஏறாத வண்டி மாதிரி நின்றது. நான் இதுவரை செய்ததெல்லாம் வேறொரு அப்பாவுக்கு. திரும்ப ஸ்டாண்டில் ஏற்றி, பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். நடுவில் முழுக்கத் துரு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொரு பட்டையின் நுனியும் கீழிருந்து மேல் பட்டையைக் கத்தி மாதிரி குத்திக்கொண்டிருந்தது. பிறகு எப்படி வழுக்கும்? நுனிகளை எல்லாம் உருட்டித் தேய்த்தேன். கடைசி மெருகைப் பல்லுக்கு மெருகேற்றுகிற சக்கரத்திலேயே கொடுத்தேன், அது நாசமாகிவிட்டது. துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, பட்டைகளுக்கு நடுவில் நைலான் துண்டு வைத்தேன். பாதிப் பட்டைகளைத் திரும்பப் போடவே இல்லை. கல்லு மாதிரி இருந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னக் காருடையதை அளவு பார்த்து மாட்டினேன். டயரில் காற்றையும் குறைத்துவிட்டேன்.

கூட வண்டி ஓட்டுகிற நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, பின்னாடி காத்து போயிருச்சா?" என்றார்கள். வண்டி பழைய உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. உட்கார்ந்த வாக்கிலேயே பலகையை உள்ளே தள்ளலாம்.

மூட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டர் பல் அச்சை வைத்து ஓட்டினோம். பட்டால் உடைகிற சாமான். குவாரிப் பாதை போய்த் திரும்பி வரும்வரை விழவில்லை. இரண்டு இடத்தில் நகர்ந்தது, அந்த இடங்களில் எவ்வளவு வேகம் என்று குறித்துக்கொண்டேன்.

இந்த ஞாயிறு வருகிறேன். அப்பா வண்டியைப் பார்க்கட்டும். வேண்டாம் என்றால் அங்கேயே உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன். நீ வராதே என்று எழுதினாலும் வருவேன்.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பால் வண்டிக்காரர் இறக்கிவிட்டுத் திரும்பினார், அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஓடைப்பக்கம் மண் சரிந்துவிட்டது. யாராவது கால்நடையாக இறங்கும்போது இதைக் கொடுத்தனுப்புவேன். இனி பாதை திறக்கும்வரை கடிதமும் கஷ்டம்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆபரேஷன் முடிகிறவரை எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் கண் விழித்து, கட்டைவிரலை ஆட்டுங்கள் என்று டாக்டர் சொல்ல, இரண்டு காலிலும் ஆட்டினாரே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்பா சரி என்று சொல்லிப் புறப்பட்ட அன்றைக்கு, மலை இறங்கும்போது நீ முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. உன் பின்கழுத்து முழுக்க வியர்வை. பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

புறப்பட்டதில் இருந்தே அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எலும்பு வலிக்கிற பிடி. ரோடு போட்ட மனுஷன், படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே எந்த இடம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாலம் வந்தாச்சு, சரிவு வந்தாச்சு என்று. தண்ணீர்த்தொட்டி வளைவுக்கு முன்னால் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். வண்டி ஒருபக்கம் மெதுவாகச் சாய்ந்தது, மெதுவாக நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப வரும்?" என்று கேட்டார். "தாண்டியாச்சுப்பா" என்றேன். "பொய் சொல்லாத" என்றார். பின் கண்ணாடி வழியாகத் தொட்டி தூரத்தில் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். என் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை தூங்கினார்.

நீ ஓட்டுகிற சீட்டில் இருந்துகொண்டு பேசுகிறாய் என்று எழுதினேன். எழுதினது எழுதினதுதான். ஆனால் அந்தச் சீட்டில் அன்றைக்கு யாராவது உட்கார வேண்டியிருந்தது. என்னால் முடிந்திருக்காது.

மழைக்காலம் முழுக்க அவர் உங்கள் வீட்டில்தான். வீட்டில் கட்டில் காலியாக இருக்கிறது. லாரி போனால் நான் திரும்பிப் பார்க்கிறேன். உன் வீட்டுக்காரியிடம் சொல், சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால்தான் அவர் சாப்பிடுவார், டாக்டர் கண்ணில் படாமல் போடட்டும். இன்னொன்று. கழற்றி வைத்திருக்கிற பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. இருக்கட்டும்.

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

பாதை திறந்துவிட்டது என்று பால் வண்டிக்காரர் சொன்னதும் எழுதுகிறேன்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் வண்டியில் என்ன செய்தாலும் குறை சொல்கிறார். சாப்பாட்டில் உப்பு பத்தவில்லை என்று இவளிடம் தினமும் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். கன்னம் வந்திருக்கிறது. நேற்று எடை பார்த்தேன். எண்ணை எழுத மாட்டேன், நீயும் எழுதவில்லையே. கொட்டிய இரண்டு கை மணலையும் மூட்டையில் திரும்பப் போட்டுவிட்டேன். இறக்கி வைத்த மூட்டையிலிருந்தும் அள்ள ஆரம்பித்திருக்கிறேன்.

போன வாரம் தெருமுனைவரை ஒரு சுற்றுப் போகலாம் என்று முன் சீட்டில் உட்கார வைத்தேன். இவள் பின்னால் ஏறிக்கொண்டாள். இறங்கும்போது அப்பா முகத்தைச் சுளித்தார். வலியோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடா இது, தொட்டில் மாதிரி ஆடுது?"

"உங்களுக்காகத்தான்பா பட்டையைக் கழட்டினேன்."

"அது படுத்துக் கெடந்தப்ப. இப்ப உக்காந்திருக்கேன்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு திருப்பிப் போடு."

போட்டுவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நட்டு ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கச் சொன்னார்.

அவருக்கு அங்கே வரவேண்டும். "கட்டில் அங்கதான கெடக்கு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். அப்பா முன் சீட்டில். இவள்தான் ஓட்டுகிறாள். நான் பின்னால் படுத்துக்கொண்டு வருகிறேன், மெத்தை போடாமல். தண்ணீர்த்தொட்டி வளைவு பின்னால் எப்படி இருந்தது என்று வந்து சொல்கிறேன்.

தம்பி